இடது கட்டைவிரல்

வில்காக்ஸ், அரிசோனா
1996 மே 20

மதிப்புக்குரிய திரு. டகெட்,

என் பெயர் லியோட்டா கிம்ப்ரோ. அந்தக் கௌபாய் காலத்து வேஷம் போட்டுத் துப்பாக்கி சுடுகிற மாட்ச்சில் ‘புளிச்ச மோர்’ என்ற புனைபெயரில்தான் என்னைக் கூப்பிட்டார்கள், ஆகவே உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் பெயரும் முகவரியும் மாட்ச் நடத்தியவர்களிடம் கேட்டு வாங்கியவை. அங்கே உங்களுக்கு வைத்திருந்த ‘தாமத ரயில்’ என்ற பெயரைக் கவரின் மேல் எழுதினால் தபால்காரர் சிரிப்பார்.

இரண்டாம் நாள் காலையில் என் ரிவால்வருக்குள் இருக்கிற விசைவில் உடைந்துபோய், நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து, “இத வச்சுச் சுடுங்க அம்மணி. கொஞ்சம் கோவக்காரி, ஆனா பொய் சொல்ல மாட்டா” என்று உங்களுடைய உபரித் துப்பாக்கியை நீட்டினீர்கள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு அப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள். சாயந்திரம் துப்பாக்கியைத் திருப்பித் தந்தேனே ஒழிய, நன்றி சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பார்சலில் வருவது எங்கள் ஊர் ஆப்பிளில் நானே கிளறிய ஜாம்.

நன்றி சொல்லியாயிற்று. இனி ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்த வரிசையில் ஒற்றைக் கையால் சுட்டவர் நீங்கள் ஒருவர்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்கப் போகிற மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் குண்டு இலக்குத் தகட்டில் படாமல் போனபோதெல்லாம் நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரி கைப்பிடியை இறுக்குகிறீர்கள். கணுவெல்லாம் வெளுத்துப்போகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான். ஸ்டீயரிங்கை அப்படி நெரிக்கிற டிரைவர்தான் முதலில் பள்ளத்தில் இறங்குவார்.

இப்படிக்கு,
லியோட்டா கிம்ப்ரோ


கிளேட்டன், நியூ மெக்சிகோ
ஜூன் 9

அன்புள்ள திருமதி கிம்ப்ரோ,

ஜாம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்துப் பண்ணை பெனிசியோ வேலி பற்றிப் பேச வந்தவன் ஸ்பூனோடு உட்கார்ந்துவிட்டான். வேலியைப் பற்றிப் பேசவே இல்லை.

தாமதத்துக்கு மன்னியுங்கள். கன்றுகளுக்குச் சூடு போடுகிற காலம். போன் செய்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். போனில் எனக்கு ‘ம்’ தவிர ஒன்றும் வராது. என் மனைவி என்னை விட்டு டென்வருக்குப் போனபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. அது நடந்து ரொம்ப காலமாகிறது. எழுதுவதென்றால் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஒற்றைக் கையைப் பற்றி: அந்தத் துப்பாக்கியை அப்படிப் பிடிக்கத்தான் செய்தார்கள், அம்மணி. மறு கையில் கடிவாளம் இருக்கும். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிப்பது, தப்பாக நினைக்க வேண்டாம், குளிருக்குக் காப்பிக் கோப்பையைப் பிடிக்கிற மாதிரி. வலது கை சும்மா இருக்க, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் இடது கட்டைவிரல் வந்து துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து நம் மாட்டைக் கறக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனாலும் நெரிக்கிறேன் என்று சொன்னீர்களே, அது மனதில் முள்ளாக நின்றது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், யாரும் இல்லாத இடத்தில், லேசாகப் பிடித்துச் சுட்டுப் பார்த்தேன். மாடுகள் மட்டும் பார்த்தன. வெடித்ததும் கைப்பிடி உள்ளங்கைக்குள் தானே உருண்டு மேலே வந்தது. சுத்தியல் என் கட்டைவிரலைத் தேடி வந்து நின்றது. இத்தனை வருஷமாக நான் அதைத் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மாட்ச்சில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஓரின் டகெட்


வில்காக்ஸ்
ஜூலை 2

அன்புள்ள ஓரின்,

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடம்.

காப்பிக் கோப்பையாம்! என் கையின் அளவு உங்களுக்குத் தெரியாது. ஒற்றைக் கையில் பிடித்துச் சுத்தியலை எட்ட வேண்டுமானால் நான் ஒவ்வொரு தடவையும் பிடியைத் தளர்த்தித் துப்பாக்கியைப் புரட்ட வேண்டும். திரும்பச் சரியாகப் பிடிப்பதற்குள் பக்கத்து ஆள் சுட்டு முடித்து வீட்டுக்குப் போய்விடுவார். இடது கட்டைவிரல் இழுத்தால் வலது கை பிடித்த பிடி அசைய வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கறந்தாலும் பால் நம்முடையதுதானே?

இருந்தாலும் நியாயத்துக்காக உங்கள் வழியில் ஒரு நாள் முயன்றேன். சுத்தியல் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கிள்ளி எடுத்துவிட்டது. “துப்பாக்கி கடிச்சிருச்சு” என்று பஸ்ஸில் பிள்ளைகளிடம் சொன்னேன். நம்பவில்லை.

என் கணவர் லைல் இறந்து நான்கு வருஷமாகிறது. அதற்கு முன் பல வருஷம் படுக்கை. கரண்டியால் ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, எல்லாம் நான்தான். அவர் போன பிறகு இந்தக் கைகளுக்கு என்ன வேலை என்று தெரியாமல் இருந்தேன். என் மகள் ஜெனாதான் இழுத்துக்கொண்டு போய் முதல் மாட்ச்சில் நிறுத்தினாள். அங்கே பாவாடையும் தொப்பியுமாகப் போட்டுக்கொண்டு இரும்புத் தகட்டை ‘டங்’ என்று அடித்தேன் பாருங்கள், அன்றைக்குத்தான் வெகு நாள் கழித்துப் பசித்தது.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் நன்றாகக் கேட்கிறவர் போலத் தோன்றியது.

லியோட்டா


கிளேட்டன்
ஆகஸ்ட் 11

அன்புள்ள லியோட்டா,

உங்கள் கடிதத்தைக் களஞ்சியத்தில் நின்று படித்தேன், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து படித்தேன்.

ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. என்னால் செய்ய முடிந்ததைச் செய்கிறேன். என்னிடம் ஒரு வால்நட் பலகை இருக்கிறது, நல்ல காய்ந்த மரம். உங்கள் ரிவால்வரின் கைப்பிடிக்கு இரண்டு பக்க மரத்தையும் உங்கள் கைக்குத் தக்கபடி ஒல்லியாகச் செதுக்கித் தருகிறேன். ஒரு தாளில் வலது கையை வைத்துச் சுற்றி பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். விரல்களை விரிக்காமல், சும்மா வைக்கிற மாதிரி.

அக்டோபர் மாட்ச்சுக்கு வருகிறீர்களா? நான் பெயர் கொடுத்துவிட்டேன். ஒற்றைக் கைப் பிரிவில்தான்.

இங்கே நல்ல மழை. புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. மாடுகளுக்குக் கண்நோவு பரவுகிறது. ஒவ்வொன்றையும் கயிறு போட்டுப் பிடித்து மருந்து விட வேண்டும். பெனிசியோ தலைக்குக் கயிறு வீசுகிறான், நான் காலுக்கு. “உன் கயிறும் உன் ரயில் மாதிரிதான்யா, லேட்டு” என்கிறான்.

ஓரின்


வில்காக்ஸ்
செப்டம்பர் 3

அன்புள்ள ஓரின்,

இதோ என் கை. சிரிக்கக் கூடாது. சுண்டுவிரல் வளைந்திருப்பது பிறவியிலிருந்தே. வரைந்து முடித்ததும் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த வான்கோழி மாதிரி இருந்தது.

அக்டோபருக்கு வருகிறேன். அது முடிந்து நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்களேன். ஜெனா வருவாள். அவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். “யாரும்மா அது, ஒரு ஜாம் பாட்டிலுக்கு இவ்வளவு லெட்டர் போடறாரு?” என்றாள். “மாட்டுக்காரர்” என்றேன். “அது தெரியுது. உனக்கு யாரு?” என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

வருவீர்கள்தானே?

லியோட்டா


கிளேட்டன்
அக்டோபர் 7

திருமதி கிம்ப்ரோ,

மாட்ச்சுக்கு வர இயலாது. நவம்பருக்கும் இயலாது. துப்பாக்கிகளை விற்கிறேன். கைப்பிடி மரம் முடியவில்லை. மன்னிக்கவும்.

இனி எழுத வேண்டாம். உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை.

ஓ. டகெட்


வில்காக்ஸ்
அக்டோபர் 15

திரு. டகெட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

நான் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டது, மகளைப் பற்றி எழுதியது. இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை இப்படி எழுதினால் ஆண்பிள்ளை ஓடத்தான் செய்வார். அதைப் புரிந்துகொள்ளாத அளவுக்கு நான் சின்னவள் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு வரியைக்கூட நீங்கள் எழுதவில்லையே? அது உங்கள் கையெழுத்து இல்லை. கோணல்மாணலாக, யாரோ முதல் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்த மாதிரி. என்னை விலக்குவதென்றால் உங்கள் கையாலேயே விலக்கியிருக்கலாம். அதுதான் சுட்டது.

மாட்ச்சுக்குப் போனேன். நான்காவதாக வந்தேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை.

லியோட்டா கிம்ப்ரோ


கிளேட்டன்
அக்டோபர் 24

லியோட்டா,

அது என் கைதான். இடது கை.

செப்டம்பர் கடைசியில் ஒரு காளையை மருந்துக்காகப் பிடித்தோம். கயிற்றைச் சேணத்தின் முன்னால் நீட்டியிருக்கிற கொம்பில் சுற்றும்போது என் வலது கட்டைவிரல் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மறுமுனையில் காளை. நான் வலியைக்கூட உணரவில்லை, கையுறை லேசாகிவிட்ட மாதிரி மட்டும் இருந்தது. பெனிசியோ குதிரையை விட்டிறங்கிப் புல்லில் விரலைத் தேடி எடுத்து, தன் கழுத்துத் துணியில் சுற்றி, அமரில்லோ ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான். வழியெல்லாம், “பேசுய்யா, ஓரின், எதாச்சும் பேசு” என்று அழுதுகொண்டே ஓட்டினான். டாக்டர்கள் முயன்றார்கள். நரம்பெல்லாம் பிய்ந்திருந்தது. ஒட்டவில்லை.

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ரொட்டி அறுக்க முடியவில்லை. சேணம் கட்ட முடியவில்லை. சுத்தியலை இழுக்க ஒன்றும் இல்லை. நீ ஒருவரை அத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த மாதிரி பார்த்துக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன். இன்னொரு முறை அந்த வேலையை உன் தலையில் வைக்க நான் யார்?

இந்தப் பக்கம் எழுத ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. உன் மேல் குறை இல்லை என்று எழுதியது உண்மை.

ஓரின்


வில்காக்ஸ்
நவம்பர் 4

ஓரின்,

நீ ஒரு மடையன். மரியாதையாகச் சொல்லத்தான் நினைத்தேன், பேனா கேட்கவில்லை.

லைலைப் பார்த்துக்கொண்டது எனக்கு யாரோ விதித்த தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கஷ்டம்தான். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. ஆனால் என் புருஷன். எனக்கு ஆசை இருந்தது, செய்தேன். அதை வைத்து என் கணக்கில் நீயாக ஒரு முடிவு எழுதுவாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? மேலும், நீ இழந்தது ஒரு விரல். காலும் தலையும் இருக்கிறது அல்லவா? தலை இருக்கிறதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சரி, கேள். உன் கடிதம் வந்த அன்றே என் வலது கட்டைவிரலை மடக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டேன். பஸ் ஓட்டும்போது மட்டும் பிரித்தேன், பிள்ளைகள் இருக்கிறார்களே. மற்ற நேரமெல்லாம் ஒட்டியபடிதான். பொத்தான் போடுவது சனியன். ஜாம் பாட்டில் மூடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கித் திறக்கலாம். பல் துலக்க இடது கை போதும். சாவிதான் ரொம்பப் படுத்தியது, அதற்கு ஒரு பெரிய மரப்பிடி மாட்டினேன்.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரைக்குப் போய்ச் சுட்டேன். வெடிமருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டா.

ஒற்றைக் கை ஆகாது. அதை மறந்துவிடு. கட்டைவிரல் இல்லாத கை வளையமாக மூடுவதில்லை. வெடித்ததும் துப்பாக்கி புரண்டு மேல்வழியாக வெளியே வரப் பார்த்தது. இடது கையில் மாற்றிப் பிடித்தேன். முடியும், ஆனால் நீ வலது கண்ணால் குறி பார்க்கிறவன், கழுத்தைக் கொக்கு மாதிரி கோண வேண்டும்.

மூன்றாவதாகச் செய்ததுதான் சரி. வலது கையில்தான் பிடி. நடுவிரலும் மோதிர விரலும் கைப்பிடியைச் சுற்றட்டும். சுண்டுவிரலை மடக்கிக் கைப்பிடிக்கு அடியில் கொடு, அதன்மேல் துப்பாக்கி உட்காரட்டும், கீழே நழுவாது. இடது கையை முன்பக்கமாகக் கொண்டுவந்து வலது விரல்களின் மேல் சுற்று. அந்தக் கைதான் இறுக்க வேண்டும், வலது கை இல்லை. இடது கட்டைவிரல் மேலே போய்ச் சுத்தியலை இழுக்கட்டும். இழுத்த பிறகு அங்கேயே நிற்கக் கூடாது, சுத்தியல் விழுகிற வழியில் மட்டும் வைத்துவிடாதே. இறங்கிவந்து, உன் வலது கட்டைவிரல் இருந்த மேட்டின் மேல் படுத்துக்கொள்ளட்டும். அப்போது வளையம் மூடிவிடுகிறது. நம்பாதே, செய்து பார். முதலில் தோட்டா இல்லாமல்.

ஆமாம், காப்பிக் கோப்பைதான். குளிர்காலம் வருகிறது, பிடித்துக்கொள்.

நவம்பருக்கு வராவிட்டால் பரவாயில்லை. ஆனால் எழுதாமல் இருந்தாயானால் நான் பள்ளிப் பேருந்தையே ஓட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன்.

லியோட்டா


கிளேட்டன்
டிசம்பர் 8

லியோட்டா,

உன் கடிதத்தைப் பெனிசியோவுக்குப் படித்துக் காட்டினேன். ‘மடையன்’ என்ற இடத்தில் கையைத் தட்டினான். “இந்தம்மா எங்க இருக்காங்க? நான் போய்க் கூட்டியாரட்டா?” என்றான்.

துப்பாக்கிகளை விற்கவில்லை. வாங்குவதற்கு ஒருவன் டெக்சஸிலிருந்து வந்தான். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். நான் களஞ்சியத்தில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நீ சொன்னபடி தோட்டா இல்லாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பழகுகிறேன். கீழே போர்வை விரித்திருக்கிறேன், ஏனென்றால் முதல் வாரம் துப்பாக்கி என் கையைவிடப் போர்வையில்தான் அதிகம் இருந்தது. என் வலது கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. சுத்தியலை இழுக்க அந்த இல்லாத விரலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரவில் அது வலிக்கிறது. இல்லாத இடம் எப்படி வலிக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன், அப்படித்தான் வலிக்கும் என்றார்.

இடது கட்டைவிரல் சோம்பேறி. ஐம்பத்தெட்டு வருஷமாகச் சும்மா இருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தால் அப்படித்தான். நேற்று ஐந்து முறை தொடர்ந்து இழுத்தான். மேட்டின்மேல் படுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தாயே. அந்த இடத்தை நான் இதுவரை யாரையும் பார்க்க விட்டதில்லை, தொட்டதும் இல்லை. முதல் தடவை என் விரலே அங்கே வந்து படிந்தபோது சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

கைப்பிடி மரத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். பலகையை இடுக்கியில் மாட்டிவிட்டு இடது கையால் அரம் போடுகிறேன். நீ வரைந்த கையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வான்கோழி மாதிரி இல்லை.

ஓரின்


வில்காக்ஸ்
1997 பிப்ரவரி 10

ஓரின்,

கைப்பிடி வந்தது. மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் லேசாக அலை அலையாக இருக்கிறது. அந்தப் பக்கம்தான் என் விரல்கள் போய் உட்காருகின்றன. எந்தக் கடைக்காரன் செய்தாலும் இப்படி அமையாது. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், அடுப்பில் பீன்ஸ் அடிபிடித்துவிட்டது.

இப்போது தோட்டா போட்டுச் சுடுகிறாய், குண்டுகள் தாழ்ந்து போகின்றன என்று கைப்பிடியோடு வைத்த சீட்டில் எழுதியிருந்தாய். நீ இழுக்கும்போது இடது கை தளர்ந்துபோகிறது, அதனால்தான். கட்டைவிரல் வேலை செய்யும்போது மற்ற நாலு விரலும் வேடிக்கை பார்க்கக் கூடாது. சுத்தியலை நேர் பின்னால் இழுக்காமல் கொஞ்சம் சாய்வாக உருட்டி இழுத்துப் பார். வேகத்தைப் பற்றி யோசிக்காதே. உன் பெயரே தாமத ரயில்.

இங்கே ஏரிப் பக்கம் கொக்குகள் வந்து இறங்கியிருக்கின்றன, ஆயிரக்கணக்கில். காலையில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கூச்சலில் அவர்களே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஜெனாவிடம் விபத்தைச் சொன்னேன். “அம்மா, விரல் இல்லாதவரா?” என்றாள். “ஒம்பது இருக்குடி. எனக்குப் போதும்” என்றேன். பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஃபீனிக்ஸ் பக்கம் மாட்ச் இருக்கிறது. நான் பெயர் கொடுத்தேன். உனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு கைப் பிரிவில்.

லியோட்டா


சொக்கோரோ, மோட்டல் அறை
ஏப்ரல் 21

லியோட்டா,

பாதி வழியில் தங்கியிருக்கிறேன். பெனிசியோ பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறான். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை, அதனால் மோட்டல் தாளில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் வண்டியிலிருந்தே இறங்கவில்லை, உனக்குத் தெரியாது. கையுறையைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டு. அப்போது நீ அந்தப் பச்சைப் பாவாடையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் வந்தாய். வந்ததும் என் கையுறையைத்தான் கழற்றினாய். அந்த இடத்தைப் பார்த்தாய், உன் கையை அதன்மேல் வைத்தாய், “சாப்டியா?” என்று கேட்டாய். அவ்வளவுதான். பிறகு நான் எதற்காகப் பயந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

முதல் வரிசைத் தகடுகளுக்கு எதிரே நான் நின்றபோது பின்னால் ஒரு சிவப்புச் சட்டைக்காரன், “பெரியவர் துப்பாக்கியத் தாலாட்டறாருடா” என்றானே. எனக்குக் காது வரை சூடேறியது. நீ திரும்பி, “ஏம்ப்பா, கொஞ்சம் முன்னாடி நீ சுட்டப்போ தகடெல்லாம் நிம்மதியாத் தூங்குச்சே, அது தாலாட்டு இல்லாமயா?” என்றாய். கடிகாரம் பிடித்தவர் சிரித்துக் குலுங்கியதில் எனக்குத் தொடங்கச் சொல்லும் ‘பீப்’ கொடுக்கவே மறந்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் தோள் இறங்கியது. தோள் இறங்கியதும் கை இளகியது.

கடைசி வரிசையில் கடைசித் தகடு இருக்கும்போது வியர்வையில் என் விரல் சுத்தியலிலிருந்து வழுக்கியது, பார்த்தாயா? நல்லவேளை, பாதிகூட இழுத்திருக்கவில்லை. அப்படியே நின்றேன். பழைய ஓரினாக இருந்தால் அவமானத்தில் அவசரமாக இழுத்து எங்காவது சுட்டிருப்பான். நான் குழலை எதிரே குண்டு தாங்குகிற மண்மேட்டைப் பார்த்தே வைத்துக்கொண்டு, விரலைச் சட்டையில் துடைத்தேன், சுண்டுவிரலை மறுபடி அடியில் கொடுத்தேன், சுற்றினேன், இழுத்தேன், இறக்கி வைத்தேன். டங்.

பட்டியலில் என் பெயருக்குக் கீழே வெறும் தாள்தான். என்னைவிட மெதுவாகச் சுட்டவர் அந்த மாட்ச்சில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒன்றும் தவறவில்லை, லியோட்டா. ஒன்றுகூட. இரண்டு கட்டைவிரலும் இருந்த ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. தவறாமல் சுட்டவர்களுக்குக் கொடுக்கிற அந்தத் தகர ஊசிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வந்து, சட்டையில் குத்திக்கொள்ள முடியாமல் திண்டாடினேன். நீ வாங்கிக் குத்திவிட்டாய். குத்திய பிறகும் உன் கை கொஞ்ச நேரம் என் சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “கோழி நல்லா பொரிச்சிருக்காங்க” என்று வந்தது. நீ, “ஆமா” என்றாய். பெனிசியோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

அதனால் எழுதுகிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? நான் அங்கே வந்தாலும் சரி, நீ இங்கே வந்தாலும் சரி. பாதி மேய்ச்சல் நிலத்தைப் பெனிசியோ குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். சமைப்பேன், பச்சைமிளகாய்க் குழம்பு மட்டும் நன்றாக வரும். வீட்டில் காற்று புகும். நான் அதிகம் பேச மாட்டேன். ஆனால் நீ பேசினால் கேட்பேன்.

ஓரின்


வில்காக்ஸ்
மே 6

ஓரின்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் போடாததற்குக் காரணம், எனக்குப் பயமாக இருந்தது. உன் விரலை நினைத்து இல்லை. ஒரு மனிதரைப் புதைத்தவளுக்கு இன்னொருவர் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கத் தோன்றும். அந்த வழக்கம் எனக்கு வந்துவிடுமே என்று பயம். சமையலறையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். பிறகு யோசித்தேன், பார்க்க வேண்டியிருந்தால் பார்த்துவிட்டுத் தூங்குகிறேன், அதனால் என்ன?

சரி என்கிறேன். கோழி வறுவலின்போதே சொல்லியிருப்பேன், நீ கேட்டிருந்தால்.

நான்தான் அங்கே வருகிறேன். ஜெனாவுக்கு இந்த வீடு வேண்டும், கல்யாணமாகிற வயதில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஊர்ப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பஸ் டிரைவருக்கு அங்கேயும் பஞ்சம்தான். “எப்ப வர்றீங்க?” என்று அந்த அம்மாள் கேட்ட அவசரத்தைப் பார்த்தால் உனக்கு முன்னால் அவள்தான் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாள் போலிருந்தது. பன்றிக் கறி வறுவலும் பிஸ்கட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், உன் பச்சைமிளகாய்க் குழம்பை ருசி பார்த்த பிறகு அதைப் பற்றிச் சொல்கிறேன். காற்று புகும் இடங்களை நான் வருவதற்கு முன்னால் நீ ஏணி போட்டு ஏறி அடைக்கக் கூடாது. இருவருமாக அடைப்போம்.

பள்ளி மூடுகிற மறுநாள் கிளம்புகிறேன். சாமான்களுக்கு ஒரு பெரிய லாரி வாடகைக்கு எடுத்திருக்கிறேன், நானே ஓட்டிவருகிறேன். வாசல் கேட்டை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்து, கல் வைத்து நிறுத்து. பெனிசியோவை ஓரமாக நிற்கச் சொல். நான் ஒரே வளைப்பில் உள்ளே வந்துவிடுவேன்.

லியோட்டா